ஒரு சைஸ் பெருசு

"மேடம், கோவப்படாதீங்க. வண்டி பார்க்கிங்ல மாட்டிக்கிட்டு."

போனில் ஜெபராஜ் சார். பாளையங்கோட்டையில் வயலின் சொல்லிக்கொடுக்கிறவர். அன்றைக்கு மாலை நாலு மணிக்குத் தென்காசியில் ஒரு கல்யாண மண்டபத்தில் எங்கள் கச்சேரி. அவருடைய ஒன்பது வயலின், என்னுடைய ஐந்து வயோலா. மணி அப்போது மூன்றேகால்.

"எந்தப் பார்க்கிங்? மண்டபத்துப் பார்க்கிங் காலியாத்தானே கிடக்கு?"

போனுக்குள் ஓவென்று ஓர் இரைச்சல் கேட்டது. தென்காசிக்காரிக்கு அந்த இரைச்சலை யாரும் விளக்க வேண்டியதில்லை.

"சார், எங்கன இருக்கிய?"

"ஐந்தருவியில மேடம்."

எனக்கு உச்சந்தலையில் சுர்ரென்று ஏறியது.

"பதினோரு மணிக்கே தென்காசி வந்துட்டோம் மேடம். நீங்கதான சீக்கிரம் வரச் சொன்னிய? நேரம் நிறையக் கிடந்துச்சு. தண்ணி அருமையா விழுதுன்னு பிள்ளைய எல்லாம் ஒரே பிடி. ஒரு முழுக்குப் போட்டுட்டு ஓடி வந்துருவோம்னுதான்..."

ஒரு முழுக்காம்! சீசனில், அதுவும் ஞாயிற்றுக்கிழமையில், குற்றாலத்துக்குப் போய் ஒரே ஒரு முழுக்கோடு திரும்பிய மனிதனை நான் இதுவரை பார்த்ததில்லை. முழுக்குப் போட்டால் பசிக்கும். பசிக்குச் சாப்பிட்டால் இன்னொரு முழுக்குக் கேட்கும். நடுவில் எண்ணெய் தேய்க்கிறவர் கூப்பிடுவார். வெளியே வந்து பார்த்தால் வண்டிக்கு முன்னால் நாலு பஸ் குறுக்கே நிற்கும். சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரிந்த விஷயம் இது.

தப்பில் எனக்கும் பங்கு உண்டு. சாரல் மாதத்தில் வெளியூர்க்காரர்களைச் சீக்கிரம் வரச் சொன்னதே முட்டாள்தனம். நாலு மணிக் கச்சேரிக்கு மூன்றே முக்காலுக்கு வாருங்கள் என்றிருந்தால் மூன்றே முக்காலுக்கு வந்திருப்பார்கள்.

திரையை விலக்கிப் பார்த்தேன். தகரக் கூரையில் சாரல் பொடிப் பொடியாக விழுந்துகொண்டிருந்தது. நாற்காலிகள் முக்கால்வாசி நிரம்பிவிட்டன. முன்வரிசையில், நான் உட்காரப்போகும் இடத்துக்கு நேர் எதிரே, வெள்ளைச் சட்டையும் தொப்பியுமாகக் காதர் மாமா. கடையநல்லூரிலிருந்து இரண்டரை மணிக்கே வந்துவிட்டார்.

அந்தக் கச்சேரியே அவருக்காகத்தான்.

வளருத பிள்ளை

"வயலின் வாசிக்க ஆசைப்பட்ட பெண் வயோலாவுக்கு ஏன் போனீர்கள்?" என்று வாசகி ஒருவர் கேட்டு எழுதியிருக்கிறார். அம்மா, நான் எங்கேயும் போகவில்லை. அது விமானம் ஏறி என்னைத் தேடி வந்தது.

என் அப்பா தையல்காரர். தென்காசியில் கோயிலுக்குப் போகிற தெருவில் மாடிப்படிக்குக் கீழே கடை. பள்ளிக்கூடச் சீருடைதான் அவருக்குப் பிழைப்பு. எந்தப் பிள்ளையை அளவெடுத்தாலும் அப்பா வாயில் ஒரே வசனம்தான்: "வளருத பிள்ளை. ஒரு சைஸ் பெருசா இருக்கட்டும்." பாவாடைக் கரையில் நாலு விரல் மடித்துத் தைப்பார். வருஷா வருஷம் ஒரு மடிப்புப் பிரியும். மூன்றாவது வருஷம்தான் பாவாடை அளவாக இருக்கும். அதற்குள் சாயம் போயிருக்கும்.

காதர் மாமா அப்பாவின் சிநேகிதர். அவர்கள் வீட்டில் தறி ஓடியது. தறியை விட்டுவிட்டுக் கல்ஃபுக்குப் போகத் தீர்மானித்தபோது, பேன்ட் தைக்க அப்பாவிடம்தான் வந்தார். அவருக்குக்கூட அப்பா இடுப்பில் ஒரு பிடி துணி விட்டுத்தான் தைத்தார். அங்கே போய்ச் சதை போடுவாராம்.

அப்போது எனக்குப் பதினோரு வயது. தேவாலயத்துப் பாடகர் குழுவுக்கு அப்பா அங்கி தைத்துக்கொடுத்தார். அதைக் கொடுக்கப் போனபோது வயலின் கேட்டு, அங்கேயே நின்றுவிட்டேன். அந்தக் குழுவின் சார் வாரத்துக்கு அரை மணி நேரம் தன் வயலினைத் தொட விட்டார். அரை மணி முடிந்ததும் வாங்கிப் பெட்டியில் வைத்துப் பூட்டுவார். வீட்டுக்கு வந்து நான் அடிக்கிற அழிச்சாட்டியம் தாங்காமல் அப்பா சொன்னார்:

"காதரு, அங்கன நல்ல வயலின் கிடைக்குமாம்லா? பிள்ளைக்கு ஒண்ணு வாங்கிட்டு வாடே."

இரண்டு வருஷம் கழித்து மாமா விடுமுறையில் வந்தார். போர்வை, டார்ச் லைட், சென்ட் பாட்டில், எல்லாவற்றுக்கும் அடியில் நீளமாக ஒரு கறுப்புப் பெட்டி. திறந்தால் பழுப்பும் சிவப்புமாகப் பளபளவென்று கிடந்தது.

"கடைக்காரன் ரெண்டு எடுத்து வச்சான்" என்றார் மாமா. "ஒண்ணு சின்னது, ஒண்ணு கொஞ்சம் பெருசு. நீ சொல்லுத மாதிரியே யோசிச்சேன். வளருத பிள்ளை, நாளைக்குப் பத்தாமப் போயிரக் கூடாதுலா? பெருசையே வாங்கிட்டேன்."

"சரியாத்தான் யோசிச்சிருக்க" என்று அப்பா அவர் முதுகில் தட்டிக்கொடுத்தார். தையல்காரருக்கும் நெசவுக்காரருக்கும் வேறு எப்படித் தோன்றும்?

தேவாலயத்து சார் பெட்டியைத் திறந்தார். அடித் தந்தியைச் சுண்டினார். புருவத்தைத் தூக்கினார். "ஏட்டி, இது வயலின் இல்ல. வயோலா. இதோட சாரீரமே வேற. வயலின் பொம்பளைக் குரல்னா இது கொஞ்சம் தடிச்ச குரல்."

நான் ஓவென்று அழுதேன்.

"அழாதட்டி. நம்ம குழுவுல வயலினுக்கு நாலு பேர் கிடக்கான். இதுக்கு ஒருத்தனும் இல்ல. நீ வாசி."

மாற்றலாம் என்றால் மாமா அதற்குள் விமானம் ஏறிவிட்டார். கையை முழுசாக நீட்டினாலும் என் விரல் அதன் கழுத்து முனைக்குப் போகாது. தோளில் துண்டை மடித்து வைத்து, பல்லைக் கடித்துக்கொண்டு வாசித்தேன். அப்பாவின் பாவாடை மாதிரியே, மூன்றாவது வருஷம் அது எனக்கு அளவானது. அதற்குள் எனக்கு அதன் மேல் பைத்தியம் பிடித்துவிட்டது. அந்த அடித் தந்தியை இழுத்தால் நெஞ்செலும்பு அதிரும். வயலினைத் தந்தாலும் வேண்டாம் என்கிற நிலைக்கு வந்துவிட்டேன்.

மாமா அடுத்த விடுமுறையில் வந்தபோது யாரோ அவரிடம் விஷயத்தைச் சொல்லிவிட்டார்கள். நேரே கடைக்கு வந்து அப்பா முன்னால் தலையைக் குனிந்துகொண்டு நின்றார்.

"தப்பா வாங்கிட்டேனாம்லா. பிள்ள ஆசையில மண்ணப் போட்டுட்டேன்."

இல்லை மாமா, எனக்கு இதுதான் பிடித்திருக்கிறது என்று சொன்னேன். நம்பவில்லை. நான் மரியாதைக்குச் சொல்வதாக நினைத்துக்கொண்டார். அன்றிலிருந்து எங்கே பார்த்தாலும், கல்யாண வீடோ பஸ் நிறுத்தமோ, அவர் என்னிடம் கேட்கிற முதல் கேள்வி இதுதான்: "மோளே, எம் மேல வருத்தம் ஒண்ணும் இல்லையே?" கல்ஃபில் ஒரே அறையில் கூட இருந்த மலையாளிகளிடமிருந்து ஒட்டிக்கொண்ட 'மோளே' அது, மகளே என்று அர்த்தம். நாற்பது வருஷமாக அந்த மனுஷன் இதையே கேட்டுக்கொண்டிருக்கிறார்.

போண்டாவோடு ஓடி வந்த கதை

அந்தப் பெட்டியோடுதான் சென்னைக்குப் போனேன். இசை படித்தேன். இருபத்தைந்து வருஷம் சினிமா ஒலிப்பதிவுக் கூடங்களில் வாசித்தேன். கல்லூரியில் சொல்லிக்கொடுத்தேன். கடல் தாண்டி மூன்று நாடுகளில் மேடை ஏறினேன். எல்லாம் அந்தத் தப்பால் கிடைத்த வாழ்வு.

ஆனால் ஒரு சிக்கல். வயோலா வாசிப்பது வெளியே தெரியாது. மெட்டு எப்போதும் வயலினுக்குத்தான் போகும். நாங்கள் அதற்குக் கீழே நீள நீளமாக இழுத்துக்கொண்டிருப்போம். சாம்பாரைக் குடித்துவிட்டுப் புளி நன்றாக இருக்கிறது, காயம் மணக்கிறது என்பார்கள். பருப்பு நன்றாக இருக்கிறது என்று எவனாவது சொல்லியிருக்கிறானா?

ஒருநாள் ஓர் இசையமைப்பாளர், "இந்தப் பாட்டுக்கு வயோலா வேண்டாம், நீங்க போய்ச் சாப்பிடுங்க" என்றார். வயோலாக்காரர்கள் நாங்கள் நாலு பேரும் கேன்டீனில் போண்டா சொல்லிவிட்டு உட்கார்ந்தோம். முதல் கடி கடித்திருப்பேன். உதவியாளர் தலைதெறிக்க ஓடி வந்தார். "உடனே வாங்க, என்னமோ ஓட்டையா இருக்குங்கறார்." வாயில் போண்டாவோடு ஓடிப்போய் வாசித்தோம். ஒரே டேக்கில் ஓகே! அன்றைக்கு நான் நடந்த நடையை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். கல்யாணத்தன்றுகூட அப்படி நடக்கவில்லை.

இதையெல்லாம் மாமாவிடம் எப்படிப் புரியவைப்பது? நான் வாசித்த படம் டிவியில் வந்தால் பெட்டிக்குப் பக்கத்தில் காதை வைத்துக் கேட்பாராம். மறுநாள் போன் வரும்.

"வயலின் கேக்கு மோளே. புல்லாங்குழல் கேக்கு. ஒன்னோடது எங்கன?"

"அடியில இருக்கு மாமா."

"அடியிலயா..." என்று இழுப்பார். அந்த இழுப்பில் குற்ற உணர்வு இன்னும் ஒரு சுற்றுப் பெருத்துவிடும்.

நாலு வருஷத்துக்கு முன்னால் தென்காசிக்கே திரும்பி வந்தேன். அப்பா அதற்குள் போய்ச் சேர்ந்துவிட்டார். அவர் கடைக்கு மேலே இருக்கிற மாடியில் வகுப்பு ஆரம்பித்தேன். பெற்றோர் எல்லாரும் பிள்ளைகளுக்கு வயலின்தான் வேண்டும் என்று திரும்பிப் போனார்கள். தங்கியது நாலு பேர், நாலும் வளர்ந்த ஆட்கள். ஒரு நர்ஸ், ஒரு கணக்கு டீச்சர், ஒரு தபால்காரர், அப்புறம் சுரண்டையில் இரும்புக் கடை வைத்திருக்கும் முருகேசன் அண்ணாச்சி. அண்ணாச்சி என்னைவிடப் பத்து வயது மூத்தவர். வயலினைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "என் வெரலுக்கு அது கொசு மாதிரி இருக்கு மேடம், இதுதான் தோது" என்று வயோலாவை எடுத்தார்.

இவர்களை வைத்து ஒரு கச்சேரி. மாமாவை எனக்கு ஆறடி தூரத்தில் உட்காரவைத்தால், வயலினுக்கு அடியில் என் சத்தம் அவர் காதில் விழாமலா போகும்? அவர் வாங்கியது தப்பில்லை என்று அந்த மனுஷன் உயிரோடு இருக்கும்போதே அவர் காதுக்குக் காட்டிவிட வேண்டும். என் கணக்கு அவ்வளவுதான். எல்லாருக்கும் தெரிந்த மெட்டாக இருக்கட்டும் என்று நம் பக்கத்துத் தாலாட்டு, கும்மி, நாற்று நடவுப் பாட்டு என்று எடுத்து எழுதினேன். மெட்டு முழுக்க வயலினுக்கு. அடிக்குரல் முழுக்க எங்களுக்கு.

அந்த மெட்டு முழுக்க இப்போது ஐந்தருவியில் நாலு பஸ்ஸுக்குப் பின்னால் ஈரத் தலையோடு நிற்கிறது.

மெட்டு இல்லாத கச்சேரி

நாலு இருபது. மண்டபத்து மேனேஜர் கையைப் பிசைந்துகொண்டு வந்தார். "மேடம், ஆறு மணிக்கு ரிசப்ஷனுக்குப் பூ அலங்காரக்காரன் வந்துருவான். தொடங்குங்க, இல்லன்னா ஒண்ணும் நடக்காது."

மெட்டை நானே வாசித்திருக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். வாசித்திருக்கலாம். ஆனால் மற்ற நாலு பேரும் என் வில்லைப் பார்த்துத்தான் அடிக்குரலை வாசிக்கிறார்கள். நான் மேலே ஏறினால் முருகேசன் அண்ணாச்சி நடுவழியில் நின்றுவிடுவார். மூன்று மாதமாகச் சாயங்காலம் கடையைப் பூட்டிவிட்டு வந்து பழகியவர். சபையில் அவரை அப்படி விட எனக்கு மனசு வரவில்லை.

"என்ன செய்யப் போறோம் மேடம்?" என்றார் அண்ணாச்சி. நெற்றியெல்லாம் வேர்வை.

"நம்ம பங்க வாசிப்போம்."

"மெட்டு?"

"மெட்டு குளிச்சுட்டு வரட்டும்."

மைக்கில் உள்ளதை உள்ளபடி சொல்லிவிட்டேன். "வயலின்காரவிய குற்றாலத்துல மாட்டிக்கிட்டாவ. மெட்டு அவிய கையில இருக்கு. எங்க கிட்ட இருக்கது அடிக்குரல் மட்டுந்தான். முதல்ல ஒரு தாலாட்டு. அவிய வாரது வரைக்கும் எங்க பங்க மட்டும் வாசிக்கோம்." சபை சிரித்தது. சீசனில் மாட்டிக்கொள்வது என்றால் என்னவென்று அங்கே எல்லாருக்கும் தெரியும்.

காதர் மாமா மட்டும் சிரிக்கவில்லை.

தொடங்கினோம். ஐந்து வில்லும் ஒன்றாக இறங்கின. நீளமாக ஒரு சுரம். அப்புறம் ஒரு படி கீழே. திரும்பவும் மேலே. தொட்டில் ஆடுகிற கணக்கில் அது மட்டும் போய் வந்துகொண்டிருந்தது. மெட்டு இருக்க வேண்டிய இடம் வெறுமையாகக் கிடந்தது. பின்வரிசையில் யாரோ இருமினார்கள். ஒரு நாற்காலி நகர்ந்தது.

மாமாவின் முகத்தைப் பார்த்தேன். பார்த்திருக்கக் கூடாது. நாற்பது வருஷமாக அவர் எதை நினைத்துப் பயந்தாரோ அது அவர் கண்ணெதிரே நடந்துகொண்டிருந்தது. பெரிய பெட்டி, ஊர் கூடிய சபை, பாட்டு மட்டும் இல்லை. அவர் கை நாற்காலிப் பிடியை இறுக்கிப் பிடித்திருந்தது. இப்படியாகிவிட்டதே மாமா என்று மனசுக்குள் அழுதபடியே வில்லை இழுத்தேன்.

இரண்டாவது சுற்று வந்தது. அப்போது அவர் வாய் அசைந்தது.

முதலில் எனக்குப் புரியவில்லை. பிரார்த்தனை செய்கிறார் என்று நினைத்தேன். காதைக் கொடுத்தால், ஆராரோ. எங்கள் அடிக்குரலின் மேல் சரியாக உட்கார்ந்த ஆராரோ! என் வாத்தியத்தில் பாட்டு இல்லை என்று சபை நினைத்துவிடக் கூடாதே என்று, இல்லாத பாட்டைத் தானே போடுகிறார். நடுங்குகிற குரல். அவரைத் தொட்டிலில் போட்டு அவர் உம்மா பாடிய சொல். கண்ணை மூடிக்கொண்டு, என்னைக் காப்பாற்றுவதற்காகப் பாடுகிறார்.

பக்கத்தில் இருந்த அம்மா ஒருத்தர் திரும்பிப் பார்த்தார். அடுத்த வரிக்கு அவரும் சேர்ந்துகொண்டார். அப்புறம் நர்ஸின் மாமியார். அப்புறம் தபால்காரரின் தெருவே. மூன்றாவது சுற்றில் மண்டபம் முழுக்கப் பாடியது. சொல் ஆளுக்கு ஒன்று. அவரவர் வீட்டுத் தாலாட்டை அவரவர் எடுத்தார்கள். மெட்டு மட்டும் ஒன்றுதான். முந்நூறு குரல் இருக்கும். ஒன்றுகூட ஆடவில்லை, அசையவில்லை. ஏனென்றால் கீழே நாங்கள் இருந்தோம்.

அட, இதற்குத்தானே ஐயா இந்த வாத்தியம்! நாற்பது வருஷமாக வாசித்திருக்கிறேன், ஒரு நாளும் என் தோளில் அவ்வளவு பேரைத் தூக்கியதில்லை. அடித் தந்தி அதிர்ந்தது. நெஞ்செலும்பு அதிர்ந்தது. முருகேசன் அண்ணாச்சி கண்ணிலிருந்து தண்ணீர் வயோலாவில் தாடை வைக்கும் கட்டை மேல் சொட்டியது. வில்லை மட்டும் அவர் விடவில்லை.

சபையின் குரல் சற்று அடங்கியது. ஆனாலும் நாங்கள் நிறுத்தவில்லை. அப்போது வெறும் அடிக்குரல் மட்டும் ஒரு சுற்றுப் போனது. மாமா பாட்டை நிறுத்திவிட்டுத் தலையைச் சாய்த்து என் வில்லையே பார்த்துக்கொண்டிருந்தார். டிவிப் பெட்டியில் இத்தனை வருஷமாகத் தேடியது இப்போது அவர் காதில் விழுந்துவிட்டது. நான் பார்க்க, அவர் முகம் மெதுவாக மலர்ந்தது. நாற்காலிப் பிடியிலிருந்து கையை எடுத்தார்.

முடிந்ததும் எழுந்து நின்று கைதட்டினார்கள். "இன்னொருக்கா, இன்னொருக்கா" என்று ஒரே கூச்சல். தாலாட்டு மூன்று தடவை. கும்மிக்குப் பெண்கள் நாற்காலிகளை ஒதுக்கிவிட்டு எழுந்தே விட்டார்கள். நடவுப் பாட்டைச் சுந்தரபாண்டியபுரத்துக்காரர்கள் எங்களைவிட வேகமாகப் பாடிக்கொண்டு போனார்கள். பிடித்து நிறுத்துவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. வயலினை யாரும் தேடவே இல்லை.

அண்டாப் பக்கத்தில்

சமையல்கட்டில் சுக்குக் காப்பி போட்டிருந்தார்கள். நான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அங்கே போனபோது, காதர் மாமாவைச் சுற்றி ஒரு கூட்டம்.

"அவ அப்பன் என்ன வாங்கச் சொன்னான் தெரியுமா? வயலின்! நாந்தான் கடையில நின்னு யோசிச்சேன். சின்னதையும் பாத்தேன், பெருசையும் பாத்தேன். நம்ம செல்விக்கு இதுதான் சரிப்பட்டு வரும்னு எனக்கு அப்பமே தெரிஞ்சு போச்சு. மத்தவனா இருந்தா வயலின வாங்கிட்டு வந்துருப்பான்."

"அப்பமே தெரிஞ்சுதா மாமா?" என்றேன்.

என்னைப் பார்த்தவர் கொஞ்சமும் அசரவில்லை. "பின்ன? சும்மாவா வாங்கினேன்?"

எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. இனிமேல் எம் மேல வருத்தமா என்று அவர் கேட்கமாட்டார். அந்தக் கேள்வி அன்றைக்கு அந்த மண்டபத்தில் செத்துப்போனது. அவர் சொன்னதற்கெல்லாம் ஆமாம் மாமா, ஆமாம் மாமா என்று தலையாட்டினேன்.

அப்போதுதான் வாசலில் வேன் வந்து நின்றது. ஜெபராஜ் சாரும் அவரிடம் படிக்கிற பிள்ளைகளும் ஈரத் தலையும் எண்ணெய் வாசமுமாக, ஆளுக்கொரு வயலின் பெட்டியோடு வரிசையாக உள்ளே வந்தார்கள். திட்டுவதற்கு வாயைத் திறந்தேன். திட்டு வரவில்லை. "காப்பி குடிங்க" என்றேன்.

மாமா அந்தப் பெட்டிகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். என் பெட்டியைப் பார்த்தார். திரும்பவும் அவற்றைப் பார்த்தார். அப்புறம் என் காதருகே குனிந்து, அவர்கள் மனசு நோகக் கூடாதே என்று குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்:

"பாவம் மோளே. இம்புட்டுப் பிள்ளையளுக்கும் ஒருத்தன்கூட ஒரு சைஸ் பெருசா வாங்கிக் குடுக்கலயே."